தயா வார்த்த கடைசிப் பாசித்தாள்

என் பிரியமுள்ள தயாவுக்கு,

சாதாளை என்று எழுதத்தான் கை வந்தது. நாலு பேர் படிக்கிற இடத்தில் அப்படி எழுதினால் சண்டைக்கு வருவாய் என்று பெயரைப் போட்டிருக்கிறேன். கரையில் ஒதுங்கி நாறுகிற பாசிக்கு உங்கள் ஊர்க்காரர் சொல்கிற பெயரை உனக்கு வைத்தவள் நான். உடுவில் தோட்டக்காரரின் மகளென்று எனக்கு வெங்காயம் என்று வைத்தவள் நீ. இப்போது என்னை மஞ்சுளா என்கிறார்கள், மிஸ் என்கிறார்கள், பிள்ளை என்கிறார்கள். வெங்காயம் என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் இங்கத்தைய பாடுகளைச் சொல்கிறேன். வாடைக் காற்று திரும்பிவிட்டது. உன் அண்ணை நேற்று வல்வெட்டித்துறையிலிருந்து போன் எடுத்து, "மஞ்சுளா, பாசி வந்து கரை முழுக்கக் குவிஞ்சு கிடக்குது. கொண்டுவரட்டோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். நீ இருந்திருந்தால் அவரைக் கேட்டிருக்கமாட்டாய். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீயே இறங்கியிருப்பாய்.

ஆய்வுகூடத்தில் உன் ஸ்டூல் அதே இடத்தில்தான் இருக்கிறது. புதிதாக வந்த மாணவி ஒருத்தி ஒருநாள் அதில் உட்கார்ந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகம் சொல்லியிருக்க வேண்டும், எழும்பிப் போய்விட்டாள். பிறகு ஒருவரும் உட்காரவில்லை. பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

மத்தியானச் சாப்பாடு இப்போது தனியே. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் உன் பெட்டியிலிருந்து மீன் என் பெட்டிக்கு வரும், என் பெட்டியிலிருந்து கத்தரிக்காய் உன் பெட்டிக்குப் போகும். இப்போது எனக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமை. என் அம்மா, கனடாவில் அக்காவின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர், இன்னும் வரவில்லை. வீட்டில் ஐயாவும் நானும். ஐயாவுக்குக் காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொல்லவேண்டும் என்ற அலுப்பில் நான் ஒருதரமும் சொல்வதில்லை.

போன கார்த்திகையில் நீ கடைசியாக எனக்குச் சொன்னது என்ன என்று நினைவிருக்கிறதா? டெங்குக் காய்ச்சலோடு படுத்திருந்துகொண்டு போன் எடுத்தாய். "எடி வெங்காயம், மேசையிலை கிடக்கிற தாளை ஒருத்தரும் தொடக்கூடாது. அது மண்ணுக்குப் போறது. திங்கட்கிழமை நான் வந்து வெட்டுறன்." அவ்வளவுதான். காய்ச்சல் எப்படி என்று நான் கேட்கமுதல் வைத்துவிட்டாய். அந்தத் திங்கட்கிழமை நான் உங்கள் வீட்டு முற்றத்தில் நின்றேன்.

உன் மரண அறிவித்தல் பேப்பரில் வந்தது. இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்புச் சகோதரியும், இன்னாரின் மைத்துனியும், இன்னாரின் பெறாமகளும் என்று முறை முறையாகப் பெயர்கள். நீ ஒருநாளும் கண்டிராத, இலண்டனில் இருக்கிற ஒரு சித்தப்பாவுக்கும் அதில் இடமிருந்தது. கடைசி வரியில் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று போட்டிருந்தார்கள். அந்த நண்பர்கள் என்ற சொல்லுக்குள் நான் இருந்தேன்.

பறைமேளம் அடித்து உன்னைத் தூக்கினார்கள். பெண்கள் படலை வாசலோடு நிற்கவேண்டும், தெரியும்தானே. உன் அம்மா படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விழுந்துவிடாமல் நான் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கை முடக்கில் பாடை திரும்பியது. வெள்ளைத் துணியின் ஒரு ஓரம் தெரிந்தது, பிறகு ஆம்பிளைகளின் முதுகுகள்தான். அதற்கு மேலே உன்னோடு வர எங்களுக்கு விடவில்லை.

பிறகு சொந்தக்காரப் பெண்களெல்லாம் உங்கள் கிணற்றடிக்குத் தலை முழுகித் தோயப் போனார்கள். நானும் பின்னால் போனேன். உன் மாமி என் கையைப் பிடித்து, அன்பாகத்தான், சொன்னார்: "நீர் உங்கடை வீட்டை போய்த் தோய்ஞ்சால் காணும், பிள்ளை. உமக்குத் துடக்கில்லைத்தானே."

சரிதான். சாவுத் துடக்கு சொந்தக்காரருக்குத்தான், எனக்கில்லை. உன்னோடு ஏழெட்டு வருஷம் கதைக்காமல் இருந்த பெரியப்பா வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அவர்கள் கோயிலுக்குப் போகவில்லை, நல்லது கெட்டதுக்குப் போகவில்லை, ஊர் அவர்களைப் பார்த்து இரக்கத்தோடு தலையை ஆட்டியது. நான் மறுநாள் காலை வேலைக்குப் போனேன். பலாலி வீதியில் பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்துவிட்டுச் சிரித்தார். திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கினேன். என்னைப் பார்த்து ஒருவரும் தலையை ஆட்டவில்லை. ஏன் ஆட்டவேண்டும்? நான் உனக்கு என்ன முறை?

இதைப் படிக்கிறவர்களுக்காக நம் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறு. நாங்கள் இருவரும் கடற்பாசியிலிருந்து ஒருவகைத் தாள் செய்துகொண்டிருந்தோம். பொலித்தீன் மாதிரி மெல்லியது, வளையும், ஊடே பார்த்தால் மறுபக்கம் தெரியும். ஆனால் மண்ணில் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். இதில் நாற்றுப்பை செய்யவேண்டும், பையைக் கிழிக்காமல் பையோடேயே நடவேண்டும் என்பது உன் எண்ணம். ஒருநாள் ஐயாவின் தோட்டத்தில் மண்வெட்டியைப் போட, பழைய கறுப்புப் பொலித்தீன் சுருண்டு சுருண்டு வந்தது. "எங்கடை கடலுக்கையும் உதுதான், உங்கடை மண்ணுக்கையும் உதுதான்" என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாய். அன்றைக்குத் தொடங்கியது.

கரையில் ஒதுங்குகிற கபிலநிறப் பாசியைக் கழுவி, காயவைத்து, நறுக்கி, சலவைச் சோடாவில் ஊறவைத்துச் சாறெடுத்தால் அல்ஜினேட் என்ற பசை கிடைக்கும். அதோடு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவிலிருந்து எடுத்த மாப்பொருள். வளைந்துகொடுக்கக் கொஞ்சம் கிளிசரின். எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் வார்த்துக் காயவைப்போம். பாடப்புத்தகம் இவற்றைப் பல்பகுதியம், அதாவது பொலிமர், என்னும். உன் அம்மாவுக்கு நீ விளங்கப்படுத்திய விதம் வேறு. "அம்மா, இது நூல் மாதிரி. தண்ணிக்கை சும்மா மிதந்துகொண்டு கிடக்கும். கடைசியிலை கல்சியக் கரைசலுக்கை தோய்ச்சால் நூலுக்கு நூல் முடிச்சு விழும். முடிச்சு விழுந்தால் வலை."

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாசி, ஒடியல் மா... கூழ் காய்ச்சிற சாமானைக் கொண்டுபோய்க் கண்ணாடியிலை ஊத்துறியள். இதுக்கே இவ்வளவு படிச்சனியள்?" என்று கேட்டாரே. அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் எடுத்தது!

உனக்கு எதிலும் அவசரம். தாள் காய்ந்து முடியமுதல் மூலையை உரித்துப் பார்ப்பாய். அதனால் நீ வார்த்த தாளெல்லாவற்றிலும் மூலையில் உன் பெருவிரல் பதிந்திருக்கும். ஆய்வுக்குப் பொறுப்பான சேர் அதற்காக உன்னை ஏசாத நாளில்லை. அந்தத் தாள்களை இழுத்துப் பார்த்தோம், நனைத்துப் பார்த்தோம், சூடாக்கிப் பார்த்தோம். எல்லாம் துண்டு துண்டாய் முடிந்துபோயின. மண்ணில் புதைத்துப் பார்க்கிற சோதனைக்கென்று மிஞ்சியிருந்தது மேசையில் கிடந்த அந்த ஒன்றுதான்.

நான் அதைத் தொடவில்லை தயா. தொடாதே என்று சொன்னாய். ஈரம் புகாமல் மூடுகிற கண்ணாடிச் சாடிக்குள் வைத்தேன். அடியில் ஈரம் குடிக்கிற நீல மணிகள். ஈரம் ஏற ஏற நீலம் மங்கிச் சிவக்கும், அப்போது மணிகளை எடுத்து அடுப்பில் காயவைத்தால் திரும்ப நீலமாகும். மாரி முழுதும் அதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். மணி நீலமாய் இருந்தால் ஒரு நிம்மதி. வைத்தியசாலையில் நான் உன்னருகே இருக்கவில்லை. இந்தத் தாளுக்காவது இருக்கிறேன் என்று நினைத்தேனோ என்னவோ.

மாசியில் நானே வார்க்கத் தொடங்கினேன். உன் அளவு, உன் கண்ணாடித் தட்டு, உன் வடிதுணி. கலக்கும்போதே கரைசல் திரிதிரியாய்க் கட்டிபட்டது. காய்ந்த பிறகு பார்த்தால் தாள் மங்கலாய், குருணை குருணையாய், தொட்டால் நொறுங்கியது. திரும்ப வார்த்தேன். அதே கதை. பங்குனி போனது, சித்திரை போனது. "தயாவுக்கு ஒரு கைராசி இருந்தது" என்று சேர் சொன்னார். நானும் நம்பினேன். நம்புவது எனக்குப் பிடித்தும் இருந்தது. நீ செய்ததை வேறொருவராலும் செய்யமுடியாது என்றால், அப்போது நான் ஒருத்தி மட்டும் பைத்தியக்காரியாய் அழுதுகொண்டிருக்கவில்லை, கண்ணாடித் தட்டும் அழுகிறது.

ஆனால் சேருக்கு வேறு கவலை. ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். "மஞ்சுளா, சாடிக்குள்ளை தயாவின்ரை தாள் ஒண்டு கிடக்குத்தானே. அதை வெட்டிப் புதைச்சால் மண் சோதனை முடிஞ்சிடும். வருசக் கடைசிக்குள்ளை முடியாட்டி இந்த வேலையை மூடிப்போடுவாங்கள். பிறகு அவள் செய்த ஒண்டும் வெளியிலை வராது."

அவர் சொன்னதில் பிழையில்லை. உன் பெயர் நிற்கவேண்டுமென்றால் உன் விரல் போகவேண்டும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்ச் சாடியைத் திறந்தேன். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மூலையில் ரேகை ரேகையாய் நீ. கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சாடியை மூடினேன். சேரிடம் இன்னும் கொஞ்சக் காலம் கேட்டேன். தந்தார்.

பிறகு நடந்ததைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். ஒரு காலை ஐயாவுக்குத் தேத்தண்ணி வைக்கக் கேத்திலைக் கழுவினேன். எங்கள் ஊர்க் கேத்தில்களுக்கெல்லாம் அடியில் வெள்ளைப் பொருக்குப் பிடித்திருக்கும். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்பு என்றால் கல்சியம். அந்தப் பொருக்கைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது கை அப்படியே நின்றுவிட்டது.

ஆய்வுகூடத்துக்குப் போன கையோடு, காய்ச்சி வடித்த தண்ணீர் இருக்கிற கானிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவைத்தேன். வடித்த தண்ணீர் என்றால் ஒன்றும் மிஞ்சக்கூடாது. வெள்ளை வளையம் ஒன்று மிஞ்சியது. கானைத் தூக்கிக்கொண்டு நேரே பாலா அண்ணையிடம் போனேன். எங்கள் கூடத்தில் சாமான்கள் பார்க்கிற அதே பாலா அண்ணைதான், உனக்கு ஒளித்து ஒளித்து முறுக்குத் தருகிறவர்.

"பாலா அண்ணை, இது எங்கை நிரப்பினது?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "கிணத்துப் பைப்பிலை, மிஸ்."

"வடிக்கிற மெசினுக்கு என்ன?"

"அது தைமாசமே எரிஞ்சு போச்சு, மிஸ். சுண்ணாம்பு பிடிச்சு. பாட்ஸ் வாறதெண்டு சொன்னவை, இன்னும் வரேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுதுகொண்டு நிண்டனியள். பட்ட காலிலே படும் எண்டு, அதுக்குள்ளை மெசினும் பழுதெண்டு எப்பிடி மிஸ் வந்து சொல்லுறது? தண்ணிதானே எண்டு நிரப்பிவிட்டன்."

தண்ணிதானே! பசைக்குள் கல்சியம் முதலே போய், வார்க்கமுதல் முடிச்சு விழுந்து, நான் மூன்று மாதமாய்க் கைராசியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு முதல்தரம் வாய்விட்டுச் சிரித்தேன். பாலா அண்ணை பயந்துபோனார். சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்லத் திரும்பினேன். ஸ்டூல்தான் இருந்தது. சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கானைக் கழுவப் போனேன்.

பக்கத்துக் கட்டிடத்தில் கெஞ்சி நல்ல தண்ணீர் வாங்கி வார்த்தேன். தாள் வந்தது தயா. உன்னுடையது போலவே, கண்ணாடி மாதிரி. காய்ந்து முடியும்வரை பொறுத்திருந்து உரித்தேன், அதனால் மூலையில் ஒன்றும் இல்லை. சேருக்குச் சந்தோஷம். "நல்லது. இனி உம்முடைய தாளைப் புதையும். தயாவின்ரையை அவவின்ரை அம்மாட்டைக் குடுத்துவிடும்" என்றார். நானும் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். அன்று முழுதும் வெறுமையாய் இருந்தது. உன் கையில் ராசி ஒன்றும் இருக்கவில்லை, தண்ணீர்தான் சரியாய் இருந்திருக்கிறது என்று தெரிந்ததும் நீ இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டாய்.

ஆனியில் ஒருநாள் சாடியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி உங்கள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் ஒரு முடிவெடுத்திருந்தேன். நீ இதை மண்ணுக்கென்று எடுத்து வைத்தாய். மண்ணுக்குத்தான் போகவேண்டும். சோதனைக்கு அது தேவையில்லை என்பது வேறு விஷயம். என் தாள்களோடு அதையும் எங்கள் தோட்டத்தில் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்கலாம் என்று.

அம்மா தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூலையில் கண் நின்றது. "இது அவளின்ரை விரலே?"

"ஓம், அம்மா."

அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டார். நான் மெல்லச் சொன்னேன். "கடற்காத்துக்கு இது இஞ்சை நிக்காது, அம்மா. இளகிப்போகும். அவள் மண்ணுக்கெண்டு வைச்சது. எங்கடை தோட்டத்திலை..."

அம்மா முழுதும் சொல்ல விடவில்லை. "நெருப்புக்கும் குடுத்தாச்சு. கடலிலையும் கரைச்சாச்சு. இனி மண்ணும் கேக்குதோ?"

நீயாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். அம்மா எழும்பிப் போய்த் தாளை உன் படத்துக்குப் பின்னால் செருகினார். திரும்பி வந்து, "நீ போ, பிள்ளை. உனக்கு உன்ரை வேலை கிடக்கும்" என்றார்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் என் நெஞ்சில் தைத்துவிட்டது. உன் தாளை வேலைக்காகக் கேட்டு வந்தவள் என்று நினைத்துவிட்டாரே என்று. வெறும் சாடியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பஸ் ஆடும்போதெல்லாம் மணிகள் சலசலத்தன. பக்கத்தில் இருந்த மனிசி என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஆடியில் என் தாள்களைத் துண்டு துண்டாய் வெட்டி, ஐயாவின் செம்மண்ணில் ஒவ்வொன்றாய்ப் புதைத்து, இடம் தெரியக் குச்சி நட்டேன். தவணைக்குத் தவணை தோண்டி, கழுவி, காயவைத்து நிறுக்கவேண்டும். ஒவ்வொருமுறையும் துண்டு சிறுத்துக்கொண்டே வந்தது. ஓரம் அரித்து, பிறகு நடுவிலே ஓட்டை விழுந்து. நீ நினைத்தபடியேதான். சொல்ல ஆளில்லை. ஐயாவிடம் சொன்னேன், இரண்டு தரம். "மண் நல்ல மண்" என்றார். உன் அம்மாவுக்குப் போன் எடுக்க நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். அவரும் எடுக்கவில்லை. உன்னோடு சேர்த்து அந்த வீட்டையும் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை படலை திறக்கிற சத்தம் கேட்டது. பார்த்தால் உன் அம்மா. தனியே. சுன்னாகத்தில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, வெய்யிலில் நடந்து வந்திருக்கிறார். கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம்.

"எறும்பு வந்திட்டுது, பிள்ளை" என்றார்.

"என்னம்மா?"

"படத்துக்குப் பின்னாலை வைச்சனான். ஒவ்வொரு நாளும் எடுத்து எடுத்துப் பாத்தனான். இளகி இளகி வந்துது. இண்டைக்கு விடியப் பாத்தால் எறும்பு வரிசை கட்டி நிக்குது." பொட்டலத்தைப் பிரித்தார். தாள் ஈரலித்து, மங்கி, ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. மூலை மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. "இவளை ஒரு இடத்திலை அடைச்சு வைக்க என்னாலை எப்பவாவது ஏலுமாய் இருந்ததே? எங்கை போடவேணும், காட்டு."

தோட்டத்துக்குப் போனோம். ஐயா மண்வெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வரம்பில் ஏறிப் போய்விட்டார். அம்மா மண்வெட்டியைத் தொடவில்லை. குந்தியிருந்து கையாலேயே தோண்டினார். அன்று காலை தண்ணீர் இறைத்த மண், ஈரமாய் இருந்தது. நானும் எதிரே குந்தியிருந்து தோண்டினேன். எங்கள் இருவர் கைக்கும் நடுவில் குழி பெருத்தது.

"வெட்டவேணுமே?" என்று கேட்டார்.

"வேண்டாம் அம்மா. முழுசாயே வைப்பம்."

அம்மா தாளை விரித்து வைத்து, உன் விரல் இருந்த மூலையில் தன் பெருவிரலை வைத்தார். இளகியிருந்த தாளில் அதுவும் பதிந்தது. பிறகு மண்ணைத் தள்ளத் தொடங்கினார். நான் ஒரு பிடி போட்டேன். மேலே மண்ணைத் தட்டிவிட்டு அம்மா சொன்னார்: "அண்டைக்குப் படலையோட நிண்டிட்டம், என்ன?"

"ஓம், அம்மா."

பழக்கதோஷத்தில் நான் ஒரு குச்சியை எடுத்து அந்த இடத்தில் நட்டேன்.

"உது என்னத்துக்கு?"

"பிறகு தோண்டிப் பாக்கிறதுக்கு இடம் தெரியவேணும்."

அம்மா குச்சியைப் பிடுங்கி என் கையில் தந்தார்.

கிணற்றடிக்கு வந்தோம். நான் கால் கழுவிவிட்டு, தேத்தண்ணி வைப்பம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன். அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். "எங்கை போறாய்? தோயாமல் வீட்டுக்குள்ளை போறதே? வா இஞ்சாலை."

நான் நின்றேன். "எனக்கு ஏன், அம்மா?" என்று கேட்க வந்தது. கேட்பதற்குள் முதல் வாளி என் தலையில் விழுந்தது. நம் ஊர்ச் சுண்ணாம்புத் தண்ணீர், குளிரென்றால் அப்படி ஒரு குளிர். இரண்டாவது வாளியைத் தன் தலையில் ஊற்றினார். பிறகு திரும்ப எனக்கு. அப்படி மாறி மாறி. நான் அழுதது தண்ணீரோடு போனது. கார்த்திகையிலிருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் போனது.

தலையைத் துவட்டிக்கொண்டு அம்மா சொன்னார்: "நாளைக்குக் கோயிலுக்குப் போகாதை. திங்கட்கிழமை வேலைக்கும் போகாதை. எனக்கும் உனக்கும் துடக்கு."

திங்கட்கிழமை காலை சேருக்குப் போன் எடுத்தேன். வரமாட்டேன், துடக்கு என்றேன். "ஐயோ, ஆருக்கு என்ன?" என்று பதறினார். "சகோதரம், சேர்" என்றேன். அக்கா கனடாவில் சுகமாய் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும், "சரி, பிள்ளை. ஆறுதலாய் வாரும்" என்றார்.

அன்று முழுக்க நான் ஒன்றும் செய்யவில்லை. முற்றத்தில் சும்மா இருந்தேன். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மஞ்சுளா, இண்டைக்கு வேலையில்லையே?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இப்போது சாடி வெறுமையாய் இருக்கிறது. மணிகள் சிவந்துபோய்க் கிடக்கின்றன, நான் காயவைக்கவில்லை. தனிமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். உன் பெட்டியில் என்ன கறி என்று கேட்க மத்தியானத்தில் இப்போதும் வாய் வருகிறது. நீ அங்கே யாரோடு சண்டை பிடிக்கிறாய்? யாருக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறாய்?

கார்த்திகையில் உன் ஆண்டுத் திவசம். முதல்நாளே வந்துவிட வேண்டும், சமையலுக்குத் தனக்குக் கை போதாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். போவேன். உன் அண்ணை கொண்டுவருகிற பாசியில் நாற்றுப்பை வார்ப்பேன், நல்ல தண்ணீரில். என் துண்டுகளைத் தவணை தவறாமல் தோண்டி எடை பார்த்து இந்த வேலையை முடிப்பேன், முதல் பெயராய் உன் பெயரை எழுதுவேன். உன் தாளை மட்டும் தோண்டிப் பார்க்கமாட்டேன், இது சத்தியம். அந்த இடம் எது என்று இப்போது எனக்கே சரியாகத் தெரியாது. ஐயா நேற்று அந்தப் பாத்தி முழுக்க வெங்காயம் நட்டுவிட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் மற்றப் பிள்ளை,
வெங்காயம்